தார்ப்பாயில் விழுந்த மெக்சிகோ

ராக்கியண்ணனின் தார்ப்பாயில் மெக்சிகோ வந்து விழுந்த அன்று காலை, சங்ககிரியில் எங்கள் தெருவில் யாரும் வேலைவெட்டியை விட்டுவிட்டு ஓடி வரவில்லை. லாரிக்காரர்கள் குடியிருக்கிற தெரு இது, நேற்றுவரை கேள்விப்படாத ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டு எவனாவது ஒருவன் நாளும் வந்து இறங்குகிற தெரு, சிலிகுரியின் சேறும் காண்ட்லாவின் உப்பும் ஒரே டயரில் ஒட்டிக்கொண்டு வருகிற தெரு, ஆகவே இன்னொரு தேசம் வந்து களத்தில் படுத்திருக்கிறது என்றால், சரி, படுத்திருக்கட்டும், வண்டி திருப்ப இடம் விட்டால் போதும் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

தார்ப்பாய் என்னவோ சாதாரணத் தார்ப்பாய்தான். ராக்கியண்ணன் லாரி ஓட்டிய காலத்தில் கடைசியாக வாங்கியது. வண்டியை விற்றபோது அதை மட்டும் கொடுக்க மனம் வராமல் வைத்துக்கொண்டார். முந்தின நாள் சாயங்காலம், மழையில் நனைந்து கிடந்ததை உதறி, வீட்டுக்கு முன்னால் இருக்கிற சிமெண்டுக் களத்தில் விரித்துவிட்டுப் படுக்கப் போனார். விடிந்து பார்த்தால் மடிப்புகள் மடிப்புகளாக இல்லை, மலைகளாக எழுந்து நின்றன. தார்ப்பாயின் மேல்பக்கம் அகன்றும் கீழ்ப்பக்கம் குறுகியும் ஒரு நாடு உண்டாகி, கிழக்கு மூலையில் பித்தளை வளையம் இருக்கிற முனை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. தூக்கிய முனைக்கும் மலைக்கும் நடுவே மழைத்தண்ணீர் வளைந்து தேங்கியிருந்தது. எதிரே டீக்கடை வைத்திருக்கிற ஜெயக்கொடி அந்தத் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்புக் கரிக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.

ராக்கியண்ணனோடு பல வருடம் ஒன்றாக வண்டி ஓட்டிய மாதேசுதான் முதலில் பக்கத்தில் வந்து பார்த்தவன்.

"ஏண்ணா, மடிப்பு சரியா விழுகலையாட்ட இருக்குது. ஆளுக்கொரு பக்கம் புடிச்சு உதறிப் போட்டுறலாமா?"

"உதறாத மாதேசு," என்று வாசலிலிருந்து பாவாயி சொன்னாள். பாவாயி ராக்கியண்ணனின் மனைவி. கையில் போன் இருந்தது. அதில் மகள் ரஞ்சனி அனுப்பியிருந்த மெக்சிகோ படத்தையும் தார்ப்பாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க ஆளுக இருக்கறாங்க. நம்ம ரஞ்சனியும் அங்கதான் இருக்கறா."

இந்த இடத்தில் எங்கள் தெருவின் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் விளங்காது. வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. எல்லா ஊரிலும் இருப்பதுதான், ஆனால் மற்ற ஊர்களில் மறந்துபோய்க் கேட்டுவிட்டால் முகத்தைச் சுளிப்பதோடு சரி. இங்கே கேட்டுவிட்டால், ஓடுகிற வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி, வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, அப்போதுதான் புதிதாகக் கிளம்புவதைப் போல மறுபடி கிளம்ப வேண்டும். மாதேசு ஒருமுறை தொப்பூர்க் கணவாயைத் தாண்டிப் போய் டீ குடிக்க நின்ற இடத்தில், எவனோ ஒரு வழிப்போக்கன் "எங்கீங்க போறீங்க?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டான் என்பதற்காக, வண்டி நிறைய சிமெண்டோடு திரும்பி வந்து, வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். முதலாளி வாய்க்கு வந்தபடி ஏசினார், ஆனாலும் தண்ணீர் குடித்தது தப்பு என்று மட்டும் அவரும் சொல்லவில்லை.

ராக்கியண்ணன் இந்தப் பழக்கத்தில் ஒரு படி மேலே. லாரியை விட்ட பிறகு லோடு புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து, எங்கெங்கோ நிற்கிற டிரைவர்களுக்குப் போனிலேயே வழி சொல்லிக்கொண்டிருந்தார். பாலம் உடைந்த இடத்தில் எப்படிச் சுற்றிப் போவது, எந்த ஊரில் எந்த நேரத்தில் சந்தைக் கூட்டம், எந்த ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும், எல்லாம் சொல்வார். அவர்களாக இன்ன ஊருக்குப் போகிறேன் என்று சொன்னால் சொன்னதுதான். இவராக எங்கே என்று கேட்டதே கிடையாது, கடைக்குப் போகிற பாவாயியைக்கூடக் கேட்டதில்லை.

அவருடைய ஒரே மகள் ரஞ்சனி ஓசூரில் கார்ச் சக்கரம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு காலையில் பெரிய பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். ராக்கியண்ணன் களத்தில் உட்கார்ந்து இதே தார்ப்பாயில் ஏதோ கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பை மாட்டினாள், கழற்றினாள், திரும்ப மாட்டினாள். "கெளம்பறேம்ப்பா" என்றாள். அவர் பெட்டியைப் பார்த்தார், வழக்கமாகக் கொண்டுபோகிற பை இல்லை என்பதையும் பார்த்தார், கேள்வி தொண்டைவரைக்கும் வந்தது, ஆனால் கிளம்புகிற பிள்ளையை எப்படிக் கேட்பது என்று அதை விழுங்கிவிட்டு, "பாத்துக் கண்ணு" என்று மட்டும் சொன்னார். அவள் போய்ச் சேர்ந்து போன் பண்ணிய பிறகுதான் பாவாயி சொல்லி அவருக்குத் தெரிந்தது, மகள் போனது ஓசூருக்கு இல்லை, மெக்சிகோவுக்கு என்று. பெற்ற தகப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்று அவருக்கு ஆறவில்லை. பெட்டியோடு நின்றேனே, ஒரு வார்த்தை கேட்கவில்லையே, இவருக்கு நான் எங்கே போனால் என்ன என்று அவளுக்கும் ஆறவில்லை. அன்றிலிருந்து போன் பாவாயிக்குத்தான் வரும். ராக்கியண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்பார்.

தார்ப்பாய் விரித்த அந்தச் சாயங்காலமும் அப்படித்தான் போன் வந்தது. மகள் சொன்னாள்: "அம்மா, இங்க மான்டெர்ரேயில வேல இந்த மாசத்தோட முடியுது. மெரிடான்னு ஒரு ஊருல வேற வேல கெடச்சிருக்குது. நாட்டுக்கு அந்தக் கோடி. சாமானை எல்லாம் கார்ல போட்டுக்கிட்டு நானே ஓட்டிட்டுப் போலாம்னு இருக்கறேன். போனு ரெண்டு வழி காட்டுதும்மா, படம் அனுப்பறேன் பாரு. கடலோரமா ஒண்ணு, மலை மேல ஒண்ணு." அப்புறம் குரலைத் தணித்தாள். "அப்பாகிட்ட... அப்பாகிட்டக் கேட்டுச் சொல்றயா?"

அத்தனை வருடத்தில் அப்பா என்ற சொல் அந்தப் போனில் வந்தது அன்றுதான். ராக்கியண்ணன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து, கை கழுவி, வெளியே வந்து தார்ப்பாயை உதறினார். விடிந்தபோது மெக்சிகோ விழுந்திருந்தது.

தெரு அதற்கு ஏற்றாற்போலத் தன்னை மாற்றிக்கொண்டது. ஆடுகள் மேலே ஏறாதபடி நான்கு பக்கமும் லாரிக் கயிறு கட்டினோம். கல்யாண ஊர்வலம் ஒன்று மேளத்தை நிறுத்திக்கொண்டு ஓரமாகச் சுற்றிப் போனது. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, பொது இடத்தில் பாதி மறைக்கிறதே, இந்த நாட்டைக் கொஞ்சம் மடித்து வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முடியாதுங்க, அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்றதும், எழுதிக்கொள்ள ஒன்றுமில்லாமல் டீ குடித்துவிட்டுப் போனார். புருஷன் துபாயில் இருப்பவள், மகன் மஸ்கட்டில் இருப்பவள் எல்லோரும் தங்கள் வீட்டுத் தார்ப்பாயை எடுத்து உதறி விரித்து வைத்துக் காத்திருந்தார்கள். அவற்றில் எலி கடித்த ஓட்டைகளைத் தவிர ஒன்றும் விழவில்லை, அதில் கொஞ்சம் வருத்தமும் கொஞ்சம் பேச்சும் நடந்தது, யாருக்கு விழ வேண்டுமோ அவருக்குத்தான் விழும் என்று அதையும் முடித்துக்கொண்டோம். வெயில் ஏறினால் தார்ப்பாயின் நடுவிலிருந்து மிளகாயைச் சுட்ட வாசம் வரும். தென்பக்க மலைகளிலிருந்து, ரயில் பாதை ஓரத்தில் நிற்குமே ரயில் கத்தாழை, அதை வெட்டி வேக வைத்தாற்போல ஒரு வாசம் வரும். குஜராத்துக்கும் வங்காளத்துக்கும் போய்த் திரும்புகிறவர்கள் வீட்டுக்குள் போகும் முன்னால் கயிற்றருகே நின்று, இன்றைக்கு எங்கே மழை என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்கள்.

வடக்கே, மலைகளின் அடிவாரத்தில், புளியங்கொட்டை அளவில் ஒரு புடைப்பு இருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் வண்டு புகுந்துவிட்டது என்று முதலில் நினைத்தோம். அங்கே விடிகிறபோது நமக்கு விளக்கு வைக்கிற நேரம். விளக்கு வைத்ததும் அந்தப் புடைப்பு ஓரிடத்திலிருந்து கிளம்பும், இன்னோரிடம் போய் நிற்கும். பாவாயி குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது.

"இவதான்," என்றாள். "ஆபீசுக்குப் போறா."

அப்படித்தான் அந்தத் தாயும் தகப்பனும் மகளின் வாழ்க்கையைப் பார்த்தார்கள், போனில் ஒரு நாளும் சொல்லாத வாழ்க்கையை. வேலைக்குப் போவாள், வருவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வெளியே ஒரு வறண்ட ஆற்றின் ஓரமாகப் போய், அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்புவாள். கூட யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. "அங்க என்னதாங்க பண்ணுவா?" என்று பாவாயி கேட்டாள். இங்கே இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் ரஞ்சனி அப்பாவோடு போய்க் காவிரிக்கரையில் உட்கார்ந்திருப்பாள் என்பது எங்கள் எல்லோருக்குமே தெரியும், அதை வாய்விட்டுச் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை.

ரஞ்சனிக்கு வழி சொல்லும் நாள் வந்தது. தெருவில் அன்றைக்கு யாரும் லோடு ஏற்றப் போகவில்லை. ராக்கியண்ணன் களத்தில் மண்டி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரலாலேயே அந்த நாட்டை ஓட்டிப் பார்த்தார். கடலோர வழி அவருக்குப் பழகிய வழி. குண்டூரில் மிளகாய் லோடு ஏற்றியபோது கிழிந்த இடத்தில் அவரே போட்ட தையல்தான் அங்கே ரோடாக ஓடியது, நேராக, மேடுபள்ளம் இல்லாமல், சீக்கிரமாகப் போய் மூலை வளையத்தைத் தொட்டது. மலை வழி அப்படி இல்லை. சான் லூயிஸ் போத்தோசி என்றும் கெரெத்தாரோ என்றும் புவேப்லா என்றும் வஹாக்கா என்றும் பாவாயி போனைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, நாங்களும் கூடவே சொன்னோம், அவர் விரல் ஏறி இறங்கி, வளைந்து, வந்த வழியே திரும்புவது போலத் திரும்பி, தெகுவாந்தெபெக் என்றும் சான் கிறிஸ்டோபல் என்றும் பலென்கே என்றும் போய்க்கொண்டே இருந்தது. ஊர்கள் வரும் இடத்தில் எல்லாம் வேகத்தடைகள் வேர்க்குரு போலக் கையில் நெருடின.

"இதுல ரோசனை பண்றதுக்கு என்னண்ணா இருக்குது?" என்றான் மாதேசு. "கடலோரமா உடுங்க. ஒரே மட்டம். டோல்கேட்டுல காசைக் கட்டிட்டு அழுத்திட்டுப் போனா போய்ச் சேந்துறலாம். ஒத்தப் பொம்பளப் புள்ளைய எதுக்கு அத்தனை கொண்டை ஊசில ஏத்தோணும்?"

ராக்கியண்ணன் தையல்மேல் விரலை ஒருமுறை ஓட்டிவிட்டு எடுத்துக்கொண்டார்.

"நேர் ரோட்டுல தூக்கம் வரும் மாதேசு. மலைன்னா முழிச்சுக்கிட்டு ஓட்டுவா." பாவாயியிடம் திரும்பி, "மலை வழியாவே போகச் சொல்லு," என்றார். "வெளிச்சம் வந்தப்பறம் எடுக்கோணும், இருட்டறதுக்கு முன்ன நிறுத்திறோணும். எறக்கத்துல பிரேக்கை நம்ப வேண்டாம்னு சொல்லு. எந்தக் கியர்ல ஏறுனாளோ அதே கியர்ல எறங்கட்டும்."

சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. மகள் மெரிடா போய்ச் சேரும்வரைதான் தார்ப்பாயில் இருப்பாள். மூலையில் இருந்த பித்தளை வளையத்துக்குப் பக்கத்தில்தான் மெரிடா, அதற்கப்புறம் தார்ப்பாய் கிடையாது. வீட்டுக்குள் போனதும் பாவாயி கேட்டாள்: "நீங்க புள்ளைக்கு வழி சொன்னீங்களா, உங்களுக்குச் சொல்லிக்கிட்டீங்களா?" அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "ரெண்டும் ஒரே வழிதான் பாவாயி" என்றார்.

ரஞ்சனி கிளம்பினாள். அப்பா சொன்ன வழியை ஒரு வளைவு பிசகாமல் பிடித்துப் போனாள். விளக்கு வைத்ததும் அந்தப் புளியங்கொட்டை நகரும், நாங்கள் களத்தைச் சுற்றி உட்காருவோம், ஜெயக்கொடி வடை சுட்டு எடுத்து வருவாள், ஏற்றம் வந்தால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற டிரைவர்கள் அத்தனை பேரின் வலது காலும் தன்னால் அழுந்தும், இறக்கம் வந்தால் தன்னால் எடுபடும், வேகத்தடைகளில் எல்லோரும் ஒன்றாகக் குலுங்குவோம். விடிகாலையில் ஏதாவது ஒரு மலையடிவாரத்து ஊரில் அது நின்றுவிட்டிருக்கும். அப்போது ராக்கியண்ணன் பல் விளக்குவதற்கும் முன்னால் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அதன்மேல் உள்ளங்கையைக் குவித்து வைத்துக்கொள்வார், குளிருக்குக் கையை நெருப்பில் காட்டுகிற மாதிரி. அந்தச் சூடு மணிக்கட்டு வழியாக ஏறி, தோள் வரைக்கும் வரும் என்று பிறகு ஒரு நாள் சொன்னார். அழுதார். அழவில்லை என்று சொல்லிக்கொள்ள அவருக்கும் விருப்பமில்லை, பார்க்கவில்லை என்று சொல்ல எங்களுக்கும் விருப்பமில்லை.

வஹாக்கா தாண்டியது. கத்தாழைக் காடுகள் வந்தன. மலை வழி பாதிக்கு மேல் முடிந்துவிட்டது என்று மாதேசு சந்தோசமாகச் சொன்ன அன்றுதான், ராக்கியண்ணன் தார்ப்பாயின் தெற்கு ஓரத்தைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். வேண்டுமென்று செய்தாரோ, எழுந்திருக்கக் கை ஊன்றினாரோ, முதல் தடவை எப்படி நடந்தது என்று தெரியாது. இழுத்ததும் துணி நீண்டது, ரோடும் நீண்டது. பத்து வளைவு இருந்த இடத்தில் இருபது வளைவு வந்தது. அடுத்த காலையிலும் இழுத்தார். அதற்கடுத்த காலையில் கயிற்றைக் கொண்டுவந்து, லோடு மேல் தார்ப்பாய் கட்டுகிற அதே முடிச்சைப் போட்டு, களத்தின் முளைக்கல்லில் இறுக்கிக் கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலப் புக்கிங் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

புளியங்கொட்டை ஒரே மலையைச் சுற்றிச் சுற்றி வருவதை நாங்கள் பார்த்தோம். சரி, பெரிய மலை போலிருக்கிறது என்றுதான் நினைத்தோம்.

அன்று விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் பாவாயியின் போன் அடித்தது. களத்தில் எல்லோரும் இருந்தோம். பாவாயி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"அம்மா, என்னமோ ஆயிப்போச்சும்மா. நேத்துப் பாத்த கத்தாழைக் காட்டையே இன்னிக்கும் பாக்கறேன். அதே வெள்ளைக் கோயிலு, அதே வளைவு. எத்தன ஓட்டுனாலும் வழி முடியவே மாட்டீங்குது. பெட்ரோலு முள்ளு கீழ உழுந்துருச்சு. ஒரு வண்டி வரல, ஒரு ஆளைக் காணோம். எனக்குப் பயமா இருக்குதும்மா."

பாவாயி போனைக் கையில் பிடித்தபடி களத்தைச் சுற்றி நடந்தாள். தெற்கு ஓரத்துக்கு வந்து, கயிற்றைப் பார்த்தாள், முடிச்சைப் பார்த்தாள். அந்த முடிச்சை யார் போட்டது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"அவுத்து உடுங்க."

"உட்டா போயிருவா பாவாயி."

"கட்டி வெச்சா மட்டும் வந்துருவாளா? அங்க நடுக்காட்டுல நிக்கறா அவ. உங்களுக்குப் பக்கத்துல வெச்சுக்கோணும், அவ்வளவுதானே? அதுக்காகச் சாகட்டுமா?" போனைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நீங்களே பேசுங்க. நான் பேச மாட்டேன்."

ராக்கியண்ணன் போனை வாங்கினார். அந்தப் பக்கம் மகள் மூச்சு விடுவது எங்களுக்குக் கேட்டது. கியரைப் பற்றிச் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார், அதைத்தான் சொல்லப் போகிறார் என்று நாங்களும் நினைத்தோம். வந்தது வேறு.

"எங்க கண்ணு போறே?"

மாதேசு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஜெயக்கொடி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். ரோட்டில் போய்க்கொண்டிருக்கிற பிள்ளையை, அதுவும் பெற்றவரே, அதுவும் ராக்கியண்ணனே, எங்கே போகிறாய் என்று கேட்டுவிட்டார். தெருவில் ஒரு வண்டியின் சத்தம்கூட இல்லை. தார்ப்பாயின் மேல் அந்தப் புடைப்பு நகராமல் நின்றுவிட்டது.

"இதை அன்னிக்குக் கேட்டிருக்கக் கூடாதாப்பா?" என்றாள் ரஞ்சனி. அழுகிறாள் என்று தெரிந்தது. "செருப்பை மாட்டிக் கழட்டி, மாட்டிக் கழட்டி நின்னேனே. கேட்டிருந்தீங்கன்னா உள்ள வந்து உக்காந்து தண்ணியக் குடிச்சுட்டு எல்லாத்தையும் சொல்லியிருப்பேன். வேண்டாம்னு சொல்லியிருந்தீங்கன்னா சண்டை போட்டுட்டாவது போயிருப்பேன்."

"கெளம்பற புள்ளைய எப்படிக் கேக்கறது கண்ணு."

"தெரியும்ப்பா. தெரிஞ்சும் நின்னேன்."

பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னப் பிள்ளையில் பேசுவாளே அந்தக் குரலில் சொன்னாள்: "இப்பக் கேட்டுட்டீங்கள்ல? இனி நான் எப்படிப் போறது? வந்து உக்காந்து தண்ணி குடிச்சுட்டுத்தானே மறுக்காக் கெளம்போணும். அம்மாவைச் சொம்புல தண்ணி எடுத்து வெக்கச் சொல்லுங்க."

ராக்கியண்ணன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, முடிச்சை அவிழ்த்தார். இறுக்கிப் போட்டிருந்ததால் கொஞ்ச நேரம் பிடித்தது. அவிழ்ந்ததும் தார்ப்பாய் சரசரவென்று சுருங்கித் தன் இடத்துக்கு வந்தது. "அப்பா, பெட்ரோல் பங்க் ஒண்ணு தெரியுதுப்பா, அந்த வளைவுக்கு அப்பால," என்று போனில் குரல் வந்தது. "முழுசா நிரப்பிக்கோ" என்றார் அவர். அப்புறமும் போனை வைக்கவில்லை. அந்த மலை முழுக்க அவள் பார்த்ததைச் சொல்லச் சொல்ல, இவர் ம் கொட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனோம்.

சாமானை இறக்கிவைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள்; சில நாட்களில் புளியங்கொட்டை மெரிடாவைத் தொட்டது, மூலைப் பித்தளை வளையத்துக்குள் இறங்கியது, காணாமல் போனது. மலைகள் படுத்துவிட்டன. மழைத்தண்ணீர் தேங்கி வளைகுடாவாக இருந்த இடத்தில் ஒரு பிடி உப்பு மட்டும் மிஞ்சியது. ஜெயக்கொடி அதைக் கூட்டி எடுத்து வடை மாவில் போட்டாள். புதுக் கம்பெனியில் போய், அப்பா எங்கே போகிறாய் என்று கேட்டுவிட்டார், நான் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் வேலையில் சேர முடியும் என்று ரஞ்சனி சொன்னாளாம். அங்கே யாரும் சிரிக்கவில்லையாம், அதெல்லாம் முறைப்படி செய்துவிடுவதுதான் நல்லது, போய்விட்டு வா என்று அனுப்பினார்களாம். அவர்களும் விவரம் தெரிந்த ஆட்கள்தான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

வந்தாள். வாடகைக் கார் வந்து நின்றதும் இறங்கி, யாரோடும் பேசாமல் நேரே உள்ளே போய், உட்கார்ந்து, பாவாயி நீட்டிய சொம்பை இரண்டு கையாலும் வாங்கி, நிறுத்தி நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். ராக்கியண்ணன் எதிரே உட்கார்ந்து, அவள் தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, அப்பாவும் மகளும் காவிரிக்கரைக்குப் போனார்கள், அங்கே என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நாங்கள் முயற்சி செய்யாமலும் இல்லை.

கிளம்பும் நாளும் வந்தது. அதே பெட்டி, அதே வாசல். ராக்கியண்ணன் களத்தில் உட்கார்ந்து, இழுத்ததில் பிரிந்துபோன தார்ப்பாய் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். தெருவில் எல்லோருக்கும் அந்த நேரத்தில் வாசலில் ஏதோ ஒரு வேலை வந்துவிட்டது. மாதேசு நன்றாக இருக்கிற டயரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவாயி நிலைப்படியில் நின்றாள், கையில் தண்ணீர்ச் சொம்பு. அவர் எப்படியும் கேட்டுவிடுவார் என்று அவளுக்கு நிச்சயம்.

ரஞ்சனி செருப்பை மாட்டினாள், கழற்றினாள், மாட்டினாள்.

"கெளம்பறேம்ப்பா."

கேட்டால் உட்கார்ந்துவிடுவாள். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தால் மறுபடியும் கேட்கலாம், மறுபடியும் உட்காருவாள், ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டே இருக்கலாம், இது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும். கேட்டுவிட மாட்டாரா என்று எங்களுக்கே ஆசையாக இருந்தது. அவர் வாயைத் திறந்தார். தெற்கு ஓரத்தில் கயிறு அழுத்திய தழும்பைப் பார்த்தார். மூடிக்கொண்டார். ஊசி அப்படியே துணியில் நின்றது. பிறகு மகளை நிமிர்ந்து பார்த்து, எங்கள் பழக்கத்தில் யாரும் இதுவரை தடுக்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"எந்த வழியாக் கண்ணு போறே?"

ரஞ்சனி பெட்டியைக் கீழே வைத்தாள். களத்துக்கு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்களே சொல்லுங்கப்பா. இருக்கறதுலயே எது நெம்பத் தூரமோ, அதைச் சொல்லுங்க."

ராக்கியண்ணன் ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு எழுந்து, தார்ப்பாயை ஒரு உதறு உதறி, களத்தில் விரித்தார்.